கல்வித் தொழில்நுட்பக் கூட்டமைப்பில் சேர்ந்தால் போட்டிச் சட்ட வழக்கிலிருந்து பாதுகாப்பு கிடைக்குமா?

கேள்வியின் சுருக்கம் இது: அமெரிக்காவில் இணையவழித் தேர்வு மென்பொருள் செய்யும் சிறிய நிறுவனம் ஒன்று. கல்வித் தொழில்நுட்ப ஆராய்ச்சிக்கான ஒரு கூட்டமைப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். "உங்கள் நிறுவனத்தின் பெயர் ஃபெடரல் ரெஜிஸ்டரில் வெளியாகும், இது போட்டிச் சட்ட வழக்குகளிலிருந்து உங்களைப் பாதுகாக்கும்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அரசிதழில் பெயர் வருவது நல்லதா, வம்பா? நேரடிப் போட்டியாளர்களோடு ஒரே மேசையில் உட்கார இது போதுமா?

பெயர் வரட்டும், நல்லதுதான். ஆனால் "பாதுகாக்கும்" என்பதை அப்படியே நம்பிவிடாதீர்கள். வழக்கே வராது என்று இதற்கான தேசியக் கூட்டு ஆராய்ச்சிச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. வழக்கில் தோற்றால் கட்டவேண்டிய தொகை குறையும். நீதிமன்றம் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாக எடைபோடும். தொகை குறைவதுகூட அறிவிப்பில் எழுதியிருக்கும் வேலைக்கு மட்டும்தான்.

முதலில் தொகை. போட்டியை ஒடுக்கும் கூட்டுகளைத் தடைசெய்யும் 1890-இன் ஷெர்மன் சட்டத்தை மீறியதால் ஒருவருக்கு நஷ்டம் ஏற்பட்டால், 1914-இன் கிளேட்டன் சட்டத்தின்படி அவர் நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு கேட்கலாம். அவர் வென்றால் அவருடைய வழக்கறிஞர் கட்டணமும் எதிர்த்தரப்பின் தலையில். இதைவிடப் பயங்கரமானது பலருக்குத் தெரியாத இன்னொரு விதி: கூட்டாகச் செய்த தப்புக்கு ஒவ்வொருவரும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. எட்டு நிறுவனங்கள் சேர்ந்து 20 லட்சம் டாலர் நஷ்டம் விளைவித்ததாக வைத்துக்கொள்வோம். மூன்று மடங்கு என்றால் 60 லட்சம். ஏழு பேர் ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டு போய்விட்டால், அவர்கள் கொடுத்ததைக் கழித்துக்கொண்டு மீதி மொத்தத்தையும் எட்டாவது நிறுவனத்திடம் வசூலிக்கலாம். அந்த எட்டாவது நிறுவனம் மற்றவர்களிடம் பங்கு கேட்டு வழக்குப் போடவும் முடியாது. 1981-இல் டெக்சஸ் இண்டஸ்ட்ரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் சொன்னது. சிறிய நிறுவனத்துக்கு இது நேராகத் திவால்தான்.

இந்தப் பயத்தால் அமெரிக்க நிறுவனங்கள் சேர்ந்து ஆராய்ச்சி செய்யவே தயங்குகின்றன, ஜப்பானியர்களோ அரசு ஆதரவோடு கூட்டாகச் சிப் தயாரிப்பில் முந்திவிட்டார்கள் என்ற கவலை 1980-களின் தொடக்கத்தில் வாஷிங்டனில் பெரிதாக இருந்தது. அதன் விளைவாக 1984 அக்டோபரில் ரீகன் கையெழுத்திட்டதுதான் தேசியக் கூட்டு ஆராய்ச்சிச் சட்டம். 1993-இல் கூட்டு உற்பத்தியும் அதில் சேர்ந்தது, பெயரும் நீண்டது. உங்கள் மின்னஞ்சல் குறிப்பிடுவது இந்தச் சட்டத்தைத்தான். குறைகடத்தித் தொழிற்சாலைகளை மனதில் வைத்து எழுதிய சட்டத்தின் கீழ் இன்று வினாத்தாள் மென்பொருள்காரர்களும் பள்ளி மாவட்டங்களும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகள்) பெயர் பதிந்துகொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கூட்டமைப்பு எது என்று நீங்கள் சொல்லவில்லை. இதே வகையில் பழையதும் பெரியதுமான ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: ஐ.எம்.எஸ். குளோபல் லேர்னிங் கன்சார்ட்டியம். 2022-இல் இருந்து ஒன்எட்டெக் என்ற பெயரில் இயங்குகிறது. தேர்வு மென்பொருளில் இருப்பதால் வினாக்களைத் தளம் விட்டுத் தளம் மாற்ற உதவும் அவர்களுடைய க்யூ.டி.ஐ. வடிவம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கற்றல் தளத்துக்குள் வெளிக் கருவியைச் செருகும் எல்.டி.ஐ., மாணவர் பட்டியலை அனுப்பும் ஒன்ரோஸ்டர் இவையும் அங்கிருந்து வந்தவைதான். இந்த அமைப்பு 2000 ஏப்ரல் 7 அன்று முதல் அறிவிப்பைத் தாக்கல் செய்தது. ஃபெடரல் ரெஜிஸ்டரில் அது வெளியானது செப்டம்பர் 13 அன்று. அதன்பிறகு உறுப்பினர் பட்டியல் மாறும்போதெல்லாம் புது அறிவிப்பு.

அப்படி வரும் புது அறிவிப்பு ஒன்றைத் திறந்து பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். அரைப் பத்திகூட நிறையாது. இந்தக் கூட்டமைப்பு தலைமை வழக்கறிஞருக்கும் ஃபெடரல் வர்த்தக ஆணையத்துக்கும் ஒரே சமயத்தில் எழுத்துமூலம் தெரிவித்திருக்கிறது, இழப்பீட்டை உண்மையான நஷ்ட அளவுக்குள் நிறுத்தும் சட்டப் பிரிவுகளை நீட்டிப்பதே நோக்கம் என்று ஒரு வாக்கியம். அப்புறம் புதிதாகச் சேர்ந்தவர்களின் பெயரும் ஊரும். விலகியவர்களின் பெயரும் ஊரும். உறுப்பினர் சேர்க்கை திறந்தே இருக்கிறது, இனி வரும் மாற்றங்களையும் தெரிவிப்போம் என்று முடிந்துவிடும். பல்கலைக்கழகம், பதிப்பகம், மென்பொருள் நிறுவனம், பள்ளி மாவட்டம் எல்லாம் ஒரே வரிசையில் அரைப்புள்ளி போட்டு அடுக்கியிருக்கும்.

இந்த அரைப் பத்தி தருவது இழப்பீட்டுச் சலுகை. அறிவிப்பு நடைமுறைக்கு வந்தபின் யாராவது வழக்குப் போட்டு, அதில் சொல்லப்படும் செயல் அறிவிப்பின் எல்லைக்குள் இருந்தால், அவர் மூன்று மடங்கு கேட்க முடியாது. உண்மை நஷ்டமும் வட்டியும் செலவும் மட்டுமே. மாநிலப் போட்டிச் சட்டங்களின் கீழ் வரும் கோரிக்கைகளுக்கும் இது பொருந்தும். மேலே சொன்ன கணக்கில் 60 லட்சம் 20 லட்சமாகிறது. வழக்கு அடிப்படையே இல்லாததென்றோ கெட்ட எண்ணத்தோடு போட்டதென்றோ ஆனால், உங்கள் வழக்கறிஞர் செலவை எதிர்த்தரப்பிடம் கேட்கவும் வழி இருக்கிறது.

கால விவரங்களையும் கவனியுங்கள். எழுத்துமூல ஒப்பந்தம் போட்ட 90 நாளுக்குள் முதல் அறிவிப்பு போகவேண்டும். உறுப்பினர் மாறினால் மறுபடி 90 நாள். அரசுத் தரப்பு 30 நாளுக்குள் வெளியிடவேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஏப்ரலில் கொடுத்தது செப்டம்பரில் வந்ததைப் பார்த்தீர்களே, அரசு வேகம் எங்கும் ஒன்றுதான். அந்தத் தாமதத்துக்கு உங்களைத் தண்டிக்கமாட்டார்கள். 30 நாளில் வெளியிடாவிட்டாலும் அந்தக் கெடு முடிந்த நாளிலிருந்தே சலுகை செல்லும் என்று சட்டத்திலேயே ஏற்பாடு இருக்கிறது.

பெயர் வெளியாவதே ஒப்புதல் வாக்குமூலம்போல் ஆகிவிடுமோ என்ற உங்கள் சந்தேகத்துக்கும் சட்டத்தில் பதில் உண்டு. அறிவிப்பு கொடுத்ததை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாம், ஆனால் சலுகைக்கு உரியவர் என்று நிறுவ மட்டுமே. ஆகவே வம்பு என்று எதுவும் இல்லை. நீங்கள் எந்தக் கூட்டமைப்பில் இருக்கிறீர்கள் என்பது ஊருக்குத் தெரியும், அவ்வளவுதான்.

இரண்டாவது சலுகையைப் பற்றி மின்னஞ்சல்களில் யாரும் எழுதுவதில்லை, ஏனென்றால் அதற்கு அறிவிப்பே தேவையில்லை. போட்டிச் சட்டத்தில் விலை நிர்ணயம், சந்தையைப் பங்குபோடுதல் போன்ற சில செயல்கள் நடந்தது நிரூபணமானாலே குற்றம். "இதனால் நன்மைதான் விளைந்தது" என்று வாதாட இடமில்லை. மற்ற செயல்களை நீதிமன்றம் சந்தைச் சூழல், நன்மை, தீமை எல்லாம் பார்த்து எடைபோடும். கூட்டு ஆராய்ச்சி முயற்சி என்ற வரையறைக்குள் வரும் எதையும் இந்த இரண்டாவது முறையில்தான் பார்க்கவேண்டும் என்கிறது சட்டம். அறிவிப்புத் தாக்கல் செய்யாத முயற்சிக்கும் இது உண்டு.

எல்லாம் அந்த வரையறையில் இருக்கிறது. சோதனை, அடிப்படைப் பொறியியல் நுட்பங்களை உருவாக்குதல், ஆராய்ச்சி முடிவுகளை முன்மாதிரிகளாக மாற்றிக் காட்டுதல், ஆராய்ச்சித் தகவலைத் திரட்டிப் பரிமாறுதல் இவையெல்லாம் உள்ளே. வெளியே நிறுத்தியவைதான் உங்களுக்கு முக்கியம். போட்டியாளர்கள் தங்கள் செலவு, விற்பனை, லாபம், விலை, சந்தைப்படுத்தல், விநியோகம் பற்றிப் பேசிக்கொள்வது, ஆராய்ச்சிக்கு அது நியாயமாகத் தேவைப்பட்டால் ஒழிய, வெளியே. சந்தையைப் பங்குபோடுவது வெளியே. ஒருவர் கூட்டமைப்புக்கு வெளியே தன் சொந்தக் காசில் உருவாக்கியதை விற்கவோ உரிமம் கொடுக்கவோ தடைபோடுவதும் அநேகமாக வெளியேதான்.

உங்கள் தொழிலில் இது எப்படி இருக்கும்? வினா வங்கியை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது படமும் சூத்திரமும் சிதையாமல் போக என்ன குறிகள் வேண்டும், அணுகல் டோக்கன் (உள்ளே நுழைய ஒரு மென்பொருளுக்குத் தரும் தற்காலிக அனுமதி) எத்தனை நேரம் செல்லவேண்டும், பார்வைக் குறைபாடுள்ள மாணவருக்குத் திரைவாசிப்பான் எந்த வரிசையில் படிக்கவேண்டும் என்று மணிக்கணக்கில் பேசலாம். "இந்த இணைப்பைப் போட்டுக்கொடுக்கப் பள்ளி மாவட்டங்களிடம் நீங்கள் எவ்வளவு வாங்குகிறீர்கள்?" என்று பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டால் அந்த ஒரு கேள்வி வரையறைக்கு வெளியே போய்விட்டது. "இனி யாரும் இலவசமாகச் செய்துகொடுக்க வேண்டாமே" என்று இன்னொருவர் சொன்னால் அது விலை நிர்ணயப் பேச்சு. ஃபெடரல் ரெஜிஸ்டரில் பெயர் இருப்பது அங்கே ஒரு காசுக்கும் பயன்படாது. அரசின் குற்றவியல் வழக்கையும், செயலை நிறுத்தச் சொல்லும் தடையாணையையும் அந்த இழப்பீட்டுச் சலுகை தொடவே இல்லை.

இனி வருவது பல கூட்டமைப்புகளின் மின்னஞ்சல்கள் தெளிவாகச் சொல்லாத விஷயம். நீங்கள் செய்வது ஆராய்ச்சியா, தரநிர்ணயமா?

தரம் வகுக்கும் அமைப்புகளுக்குப் போட்டிச் சட்டத்தோடு பழைய பகை. 1982-இல் ஹைட்ரோலெவல் வழக்கில், இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் துணைக்குழுவில் தங்கள் ஆள் ஒருவரை வைத்திருந்த போட்டி நிறுவனத்தினர், சங்கத்தின் பெயரில் ஒரு விளக்கக் கடிதம் அனுப்பவைத்து எதிரியின் பொருளைப் பாதுகாப்பற்றதாகக் காட்டினார்கள். அதற்குச் சங்கமே பொறுப்பு என்றது உச்ச நீதிமன்றம். இதற்குப் பதிலாகவோ என்னவோ, 2004-இல் நம் சட்டத்தைத் திருத்தித் தரநிர்ணய அமைப்புகளையும் உள்ளே கொண்டுவந்தார்கள். படிப்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தரநிர்ணய அமைப்பு என்பதில் அதில் பங்கேற்பவர்கள் அடங்கமாட்டார்கள் என்று வரையறையிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். அமைப்புக்குச் சலுகை, உறுப்பினருக்கு இல்லை. அந்த அமைப்புகள் கொடுக்கும் அறிவிப்பிலும் உறுப்பினர் பட்டியல் கேட்கப்படுவதில்லை. அமைப்பின் பெயர், முகவரி, என்ன வேலை என்பதற்கான ஆவணம் போதும். (அதே சட்டத்தின் அடுத்த பகுதி குற்றவியல் தண்டனையை உயர்த்தியது: நிறுவனத்துக்கு 10 கோடி டாலர் வரை அபராதம், தனிநபருக்கு 10 லட்சம் டாலரும் 10 ஆண்டுச் சிறையும் வரை. ஒரு கையால் தடவி மறுகையால் ஓங்கிய சட்டம்.)

ஆகவே உங்கள் பெயர் அறிவிப்பில் தனியாக வருகிறது என்றால், உங்கள் கூட்டமைப்பு ஆராய்ச்சி முயற்சி என்ற கணக்கில் பதிந்திருக்கிறது, அந்தச் சலுகை உறுப்பினரான உங்களுக்கும் உண்டு என்று எடுத்துக்கொள்ளலாம். அது நல்ல செய்தி. ஆனால் நாளை ஒரு வழக்கு வந்து, பிரச்சினைக்குரிய செயல் ஆராய்ச்சி இல்லை, ஒரு தரத்தை வாக்கெடுப்பில் நிறைவேற்றியது அல்லது சான்றிதழ் மறுத்தது என்று எதிர்த்தரப்பு வாதாடினால்? அறிவிப்பில் நோக்கம் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை வைத்துத்தான் சண்டை நடக்கும். வழக்கறிஞரிடம் கேட்கவேண்டிய முதல் கேள்வியாக நான் நினைப்பது இதைத்தான்: முதல் அறிவிப்பின் நோக்கப் பகுதியில் சோதனையும் சான்றளிப்பும் இருக்கின்றனவா?

வாக்கெடுப்பு எப்படி வழக்காகும் என்பதற்கு அலைட் டியூப் வழக்கைவிட நல்ல உதாரணம் கிடையாது. கட்டடங்களில் மின்கம்பி போக எஃகுக் குழாய்தான் பயன்பட்டது. பி.வி.சி. குழாயையும் அனுமதிக்கலாம் என்ற முன்மொழிவு தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் நிபுணர் குழுவைத் தாண்டி 1980-இன் ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தது. நாட்டின் மிகப் பெரிய எஃகுக் குழாய் தயாரிப்பாளரும் கூட்டாளிகளும் 230 பேரைப் புதிதாக உறுப்பினராக்கி, பயணச் செலவும் பதிவுக் கட்டணமும் கட்டிக் கூட்டிவந்தார்கள். எங்கே உட்காரவேண்டும், எப்போது கைதூக்கவேண்டும் என்று குழுத் தலைவர்கள் வாக்கி டாக்கியும் கைச்சாடையும் வைத்து நடத்தினார்கள். பி.வி.சி. 394-க்கு 390 என்று தோற்றது. வந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொழில்நுட்பம் புரியவும் இல்லை. சங்கத்தின் விதி ஒன்றையும் அவர்கள் மீறவில்லை என்பதுதான் வேடிக்கை. இருந்தும் 1988-இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சட்ட விலக்கு கிடையாது என்றது. ஜூரி சொன்ன நஷ்டம் 38 லட்சம் டாலர், மூன்று மடங்காகப் பெருக்கவேண்டியது.

சான்றளிப்பில் 1961-இன் ரேடியன்ட் பர்னர்ஸ் வழக்கைப் பாருங்கள். எரிவாயுச் சங்கத்தின் முத்திரை கிடைக்காத பர்னர்களுக்கு (வீட்டைச் சூடாக்கும் எரிவாயுக் கருவிகள்) எரிவாயு நிறுவனங்கள் எரிவாயு தர மறுத்தன. சோதனை பாரபட்சமானது, முத்திரைக் குழுவில் போட்டியாளர்களே இருக்கிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வழக்கு நடக்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். இன்று ஒரு பள்ளி மாவட்டம் தன் டெண்டரில் "இன்ன கூட்டமைப்பின் சான்றிதழ் வேண்டும்" என்று தானே முடிவெடுத்துப் போட்டால் பிரச்சினை இல்லை. உறுப்பினர்கள் கூடிப் பேசி "சான்றிதழ் இல்லாத அந்த நிறுவனத்தோடு யாரும் இணைப்புத் தரவேண்டாம்" என்று முடிவெடுத்தால் அது கூட்டுப் புறக்கணிப்பு. சான்றிதழ் சோதனை கணினி தருகிற பாஸ், ஃபெயில் முடிவாக இருந்து, யார் வேண்டுமானாலும் ஒரே கட்டணத்தில் எழுதலாம் என்று இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். போட்டியாளர் குழு கூடி "இவருக்குக் கொடுக்கலாமா" என்று யோசிக்கிற இடமாக இருந்தால் அந்தக் குழுவில் உட்காராதீர்கள்.

அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் ஒரே அளவு ஆபத்து இல்லை. ரீகன் அதே 1984 அக்டோபரில் கையெழுத்திட்ட உள்ளாட்சிப் போட்டிச் சட்டம் பள்ளி மாவட்டங்களிடமிருந்து இழப்பீடு கேட்பதையே தடுக்கிறது. பள்ளி மாவட்டப் பிரதிநிதி மனதில் பட்டதையெல்லாம் பேசுவார், அவருக்கு நஷ்டமில்லை. தனியார் பல்கலைக்கழகத்துக்கு அந்த வசதி இல்லை, "நாங்கள் லாப நோக்கற்றவர்கள்" என்று சொல்லித் தப்பவும் முடியாது. மாணவர் உதவித்தொகையைக் கூடிப் பேசி நிர்ணயித்ததற்காக 1991-இல் அரசின் நீதி அமைச்சகம் ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் எட்டின் மீதும் எம்.ஐ.டி. மீதும் வழக்குப் போட்டது. எட்டும் இறங்கிவந்தன, எம்.ஐ.டி. மட்டும் போராடியது. 1993-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சமூகப் பலனையும் சேர்த்து எடைபோடச் சொன்னது. ஆனால் உதவித்தொகை வெறும் தர்மம், வணிகமல்ல என்ற வாதத்தை ஏற்கவில்லை.

கூட்ட அறையில் நடந்துகொள்ளும் முறை பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. தொடக்கத்தில் போட்டிச் சட்ட எச்சரிக்கையை யாராவது ஓட்டமாக வாசிப்பார்கள், எல்லோரும் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நிகழ்ச்சி நிரல் முன்கூட்டியே வந்ததா, குறிப்பேடு எடுக்கிறார்களா என்று பாருங்கள். விலைப் பேச்சு வந்தால் பேசாமல் இருப்பது போதாது. பேசாமல் இருந்ததைச் சம்மதமாகக் காட்டமுடியும். "இதைப் பேசக்கூடாது" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், அது குறிப்பேட்டில் ஏறவேண்டும் என்று கேளுங்கள், தொடர்ந்தால் எழுந்து வெளியே போங்கள், போனது யாருக்காவது நினைவிருக்கும்படி போங்கள். அதைவிட ஆபத்து கூட்டத்துக்குப் பிறகான சாப்பாட்டு மேசையும் வாட்ஸ்அப் குழுவும். முடிந்தால் விலை முடிவெடுக்கும் விற்பனைத் தலைவரை அனுப்பாமல் பொறியாளரை அனுப்புங்கள். அவருக்கு உங்கள் விலைப்பட்டியல் தெரியாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு.

இன்னொன்று. போட்டியாளர்கள் கூடி வேலை செய்வது பற்றி நீதி அமைச்சகமும் வர்த்தக ஆணையமும் 2000-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளைப் பலரும் இன்னும் மேற்கோள் காட்டுகிறார்கள். 2024 டிசம்பரில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். கூட்டமைப்பின் கொள்கை ஆவணம் அதை நம்பி எழுதப்பட்டிருந்தால் புதுப்பிக்கச் சொல்லுங்கள். 1984, 1993, 2004 சட்டங்கள் அப்படியேதான் இருக்கின்றன.

உங்கள் தாய் நிறுவனம் இந்தியாவில் இருந்தால் இரண்டு விஷயம். ஆராய்ச்சிக்கான சலுகைக்கு இந்தச் சட்டம் நாட்டு நிபந்தனை வைக்கவில்லை. கூட்டு உற்பத்திக்குத்தான் முக்கிய உற்பத்தி வசதி அமெரிக்காவில் இருக்கவேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள். ஃபெடரல் ரெஜிஸ்டர் அறிவிப்பு இந்தியப் போட்டி ஆணையத்தின் முன் செல்லாது. அங்கே 2002-இன் போட்டிச் சட்டம், மூன்றாம் பிரிவில் திறனைக் கூட்டும் கூட்டு முயற்சிகளுக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறது. அது தனிக் கணக்கு.

இப்போது அந்த மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுங்கள். முதல் அறிவிப்பின் நகல் கேளுங்கள். நீங்கள் சேர்ந்த தேதியிலிருந்து 90 நாளுக்குள் உங்கள் பெயர் தாக்கலாகுமா என்று கேளுங்கள். பெயரைச் சட்டப்படியான முழுப் பெயரில், சரியான ஊரோடு கொடுங்கள், விற்பனைப் பெயரில் அல்ல. உங்கள் குழுமத்தில் இரண்டு நிறுவனங்கள் இருந்து, ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது ஒன்று, கூட்டத்துக்கு ஆள் அனுப்புவது இன்னொன்று என்றால், இரண்டாவதன் பெயரையும் சேர்க்கச் சொல்லுங்கள்.